செம்மரிங் மலையேறி லியுப்லியானாவுக்கு

முதல் நாள்: வியன்னா – செம்மரிங்

வியன்னா மத்திய ரயில் நிலையத்தின் கூடத்தில், சிறகு முளைத்த கல் சிங்கம் ஒன்று இருக்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போகிற ஆயிரக்கணக்கானவர்களில் நின்று பார்ப்பவர்கள் குறைவு. வெனிஸ் நகரத்துச் சின்னம் அது. இப்போதைய நிலையம் முழுமையாகத் திறந்தது 2014-ல். அதற்கு முன் இந்த இடத்தில் பழைய தெற்கு ரயில் நிலையம் இருந்தது. 1866 வரை வெனிஸ் ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்ததால், அந்தத் திசைக்குப் போகும் ரயில்களின் நிலையத்தில் அந்த ஊர்ச் சிங்கத்தை வைத்தார்கள். கட்டடம் போய்விட்டது, சிங்கம் மட்டும் தங்கிவிட்டது.

நாங்கள் போவது வெனிஸுக்கு அல்ல. ஸ்லோவேனியாவின் தலைநகர் லியுப்லியானாவுக்கு. நேரடி ரயில் இருக்கிறது. காலையில் ஏறினால் சுமார் ஆறு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். நாங்கள் அதை எடுக்கவில்லை. ஊர் ஊராக இறங்கி, லோக்கல் வண்டிகளில் மாறி மாறிப் போவதாகத் திட்டம்.

காரணம் இதுதான். இந்தப் பாதை ஒரே மூச்சில் போட்டது இல்லை. வியன்னாவிலிருந்து மலையடிவாரத்து ஊரான க்ளோக்னிட்ஸ் வரை 1842-ல் ரயில் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மூர்ட்சுஷ்லாக்கிலிருந்து கிராட்ஸ் வரை 1844-ல் வந்தது. 1846-ல் ஸ்லோவேனியாவின் செல்யே ஊர், 1849-ல் லியுப்லியானா. நடுவில் செம்மரிங் மலை மட்டும் குறுக்கே நின்றது. பத்து வருடம் பயணிகள் ஒரு பக்கம் இறங்கி, குதிரை வண்டியில் மலையைத் தாண்டி, மறுபக்கம் வேறு ரயில் ஏறினார்கள். 1854-ல்தான் மலைப்பாதை திறந்தது. இப்போது அந்த மலைக்கு அடியில் 27.3 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து முடித்திருக்கிறார்கள். 2030-ல் ரயில் விடுவதாகத் திட்டம். அதன்பின் விரைவு ரயில்கள் மலையைப் பார்க்காமலேயே போய்விடும். அதற்குள் அப்பாவை இந்தப் பாதையில் ஒருமுறை கூட்டிப்போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்பா ஈரோட்டில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் கூட்ஸ் வண்டிதான் ஓட்டினார். ரயிலில் அவரோடு போனால், ஜன்னலுக்கு வெளியே நாம் மரத்தையும் மாட்டையும் பார்ப்போம். அவர் சிக்னலையும் தண்டவாளத்தின் சாய்வையும் பார்ப்பார்.

வீனர் நாய்ஷ்டாட் வரை சமவெளிதான், சொல்ல ஒன்றுமில்லை. க்ளோக்னிட்ஸில் மலை ஆரம்பிக்கிறது. பாயர்பாக்கில் இறங்கி, மலையேறும் லோக்கல் வண்டிக்கு மாறினோம். இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: வியன்னாவிலிருந்து வரும்போது இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். பள்ளத்தாக்கு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

பாயர்பாக்கை விட்டதுமே ஷ்வார்ட்ஸா ஆற்றின் மேல் பதின்மூன்று வளைவுகள் கொண்ட பாலம். 228 மீட்டர். இந்தப் பாதையிலேயே நீளமான பாலம் இதுதான். அதைத் தாண்டியதும் பாதை வந்த திசையிலேயே திரும்பி எதிர்ச் சரிவில் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில், சற்றுமுன் கடந்து வந்த க்ளோக்னிட்ஸ் ஊர் கீழே தெரிந்தது. அப்பா எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார். வளைவில் எங்கள் வண்டியின் கடைசிப் பெட்டி பக்கவாட்டில் தெரிய, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, இதுல பல்சக்கரம் ஒண்ணும் இல்லையா?"

"இல்லீங்கப்பா. சாதாரணத் தண்டவாளம்தான்."

"ஏத்தம் எவ்வளவு?"

"நாற்பதுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு."

அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஊட்டி ரயிலோடுதான் ஒப்பிட்டிருப்பார். அங்கே கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரம் இல்லாமல் நடக்காது. ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டுக்கு ஒன்று. அது செங்குத்தாக ஏறுகிற பாதை. செம்மரிங் அப்படி ஏறுவதில்லை. நேர்கோட்டில் 21 கிலோமீட்டர் தூரத்தை 41 கிலோமீட்டராக இழுத்து, மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் நுழைந்து வெளிவந்து, சுமார் 460 மீட்டர் உயரம் ஏறுகிறது. இரும்பின் மேல் இரும்புச் சக்கரம், வேறு பிடிமானம் கிடையாது. 1998-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய முதல் ரயில் பாதை இதுதான். அடுத்த ஆண்டு டார்ஜிலிங், 2005-ல் நம் நீலகிரி ரயில்.

செம்மரிங் நிலையத்தில் இறங்கினோம். நடைமேடையிலேயே, இந்த மலைப்பாதையை வடிவமைத்துக் கட்டிய பொறியாளர் கார்ல் கெகாவுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. இரவு தங்கல் இங்கேதான். குளிர் நன்றாக இருக்கிறது. அக்டோபர் மாதம், லார்ச் மரங்கள் மஞ்சளாகிவிட்டன.

இரண்டாம் நாள்: மலையில் நடை

கெகாவைப் பற்றி நேற்று ராத்திரி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 1802-ல் வெனிஸில் பிறந்தவர், அல்பேனிய வம்சாவளி. 1842-ல் அமெரிக்கா போய் அங்குள்ள ரயில் பாதைகளை நேரில் பார்த்து வந்தார். ஏற்றமான பாதையில் சாதாரண எஞ்சினே ஏறும் என்ற நம்பிக்கை அந்தப் பயணத்தில் உறுதிப்பட்டது. மற்ற பொறியாளர்கள் பலர் நம்பவில்லை. சாய்தளம் அமைத்துக் கயிறு கட்டி இழுக்கலாம் என்றெல்லாம் அப்போது யோசனைகள் இருந்தன.

1848-ல் வேலை ஆரம்பித்தது. வியன்னாவில் புரட்சி நடந்த வருடம் அது. வேலையில்லாமல் திரண்டிருந்த கூட்டத்துக்கு வேலை கொடுக்க வேண்டிய நெருக்கடி அரசுக்கு. அதனால் அனுமதி சீக்கிரம் கிடைத்தது. ஒரு கட்டத்தில் 20,000 பேர் வரை வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். டைனமைட் அப்போது கிடையாது, அது வந்தது 1867-ல். வெறும் கருமருந்து, கடப்பாரை, சம்மட்டி, கை. பதினான்கு சுரங்கங்களையும் பதினாறு பெரிய பாலங்களையும் இதை வைத்துக்கொண்டே முடித்தார்கள். டைஃபாய்டு போன்ற காய்ச்சலிலும் காலராவிலும் பல நூறு பேர் செத்தார்கள். உலக அதிசயம், பாரம்பரியச் சின்னம் என்று பேசும்போது இந்தச் சாவுகளையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அப்பாவை உலுக்கியது வேறு ஒரு விஷயம். பாதை வேலை தொடங்கியபோது, இந்த ஏற்றத்தில் இந்த வளைவுகளில் பாரம் இழுத்துப் போகக்கூடிய எஞ்சின் உலகத்தில் எங்கேயும் இல்லை.

"வண்டி இல்லாமயே ரோடு போட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆமாம். 1851-ல் போட்டி வைத்தார்கள். நான்கு எஞ்சின்கள் வந்தன: பவேரியா, வீனர் நாய்ஷ்டாட், ஸெரைங், விண்டோபோனா. நான்குமே ஏறின. மியூனிக்கில் மாஃபை நிறுவனம் செய்த பவேரியாவுக்கு 20,000 டுகாட் தங்கக் காசு முதல் பரிசு. ஆனால் அதில் சக்கரங்களை இணைக்கச் சங்கிலி போட்டிருந்தார்கள். தினசரி ஓட்டத்துக்குச் சங்கிலி தாங்கவில்லை. அந்த நான்கில் ஒன்றும் நிலைக்கவில்லை. அவற்றின் நல்ல அம்சங்களை எடுத்துக்கொண்டு எங்கெர்த் என்பவர் புது எஞ்சின் வடிவமைத்தார். அதுதான் இந்த மலையை ஏறியது. எஞ்சின் வரும் என்று நம்பி ஆறு வருடம் மலையைக் குடைந்திருக்கிறார் ஒரு மனிதர். எனக்கு இந்தப் பாதை பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான், பாலங்களின் அழகெல்லாம் அதற்குப் பிறகு.

காலையில் நிலையத்திலிருந்து ரயில் பாதையை ஒட்டிய நடைபாதையில் கிளம்பினோம். காடுதான் பெரும்பாலும். வேர்கள் குறுக்கே ஓடும் மண் பாதை, ஈரம், சறுக்கல். அப்பாவுக்கு ஒரு கம்பு எடுத்துக் கொடுத்தேன். டொப்பெல்ரைட்டர் என்ற மரக் கோபுரத்தைத் தாண்டிக் கீழே இறங்கினால், மரங்கள் விலகி ஒரு திறந்த இடம் வருகிறது. யூரோ வருவதற்கு முன் ஆஸ்திரியாவில் இருந்த 20 ஷில்லிங் நோட்டில் கெகாவின் முகம் ஒரு பக்கமும் இந்தப் பாதையின் பாலம் மறுபக்கமும் அச்சிட்டிருந்தார்கள். அந்த நோட்டின் பெயரிலேயே இந்த இடத்தையும் அழைக்கிறார்கள்.

எதிரே கால்டெ ரின்னெ பாலம். இரண்டு அடுக்கு வளைவுகள், 46 மீட்டர் உயரம், 184 மீட்டர் நீளம். படத்தில் பார்த்தபோது எனக்குத் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது: பாலமே வளைந்திருக்கிறது. நேராகப் போய் மறுகரையில் திரும்பும் பாலமல்ல, நடு ஆகாயத்தில் திரும்புகிற பாலம். பின்னால் போலெரோஸ் பாறை, வெள்ளைச் சுண்ணாம்புக்கல், சுவர் மாதிரி நிற்கிறது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தோம். சிவப்பு நிற விரைவு ரயில் ஒன்று போனது. சமவெளியில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய அந்த வண்டி இங்கே சைக்கிள்காரர்களைப் பார்த்துப் போகும் பஸ் போல நிதானமாகத்தான் போனது. அப்புறம் ஒரு கூட்ஸ். மரக்கட்டைகள் ஏற்றிய பெட்டிகள். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"முன்னால ரெண்டு எஞ்சின். பொறு... பின்னால ஒண்ணு தள்ளுது பாரு, பேங்கர்."

பின்னால் தள்ளும் எஞ்சினின் ஓட்டுநர் முன்னால் இருப்பவரோடு சரியாக ஒத்துப்போகாவிட்டால் வளைவில் பெட்டிகள் பிதுங்கித் தடம் புரளும் ஆபத்தை அப்பா விளக்கினார். 190 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அதைச் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் சொன்னார். கடைசிப் பெட்டி சுரங்கத்துக்குள் மறையும் வரை பேச்சை நிறுத்தவில்லை. பணிக் காலத்தைப் பற்றி வீட்டில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பிரைட்டன்ஸ்டைன் வரை நடந்து, அங்கிருந்து லோக்கல் பிடித்து, உச்சியில் இருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டி மூர்ட்சுஷ்லாக் போனோம். 898 மீட்டரில் பாதையின் உச்சப்புள்ளி அந்தச் சுரங்கத்துக்குள்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. மூர்ட்சுஷ்லாக்கில், வியன்னாவிலிருந்து ட்ரியஸ்ட் துறைமுகம் வரை போகும் இந்தத் தெற்கு ரயில் பாதைக்கென்றே ஓர் அருங்காட்சியகம், பழைய எஞ்சின் கொட்டகைகளில். பார்க்க வேண்டிய இடம். பழைய டிராலிகள், பனி ஒதுக்கும் வண்டிகள், விளக்குகள். காவலர் கதவடைக்க வரும் வரை அப்பா நகரவில்லை.

மூன்றாம் நாள்: கிராட்ஸ்

இன்று ஓய்வு நாள் மாதிரி. புருக் வழியாக மூர் ஆற்றின் ஓரமாகவே ரயில் இறங்குகிறது. கிராட்ஸ் ஆஸ்திரியாவின் இரண்டாவது பெரிய நகரம். 2025 டிசம்பரில் கோரால்ம் சுரங்கம் திறந்த பிறகு இங்கிருந்து கிளாகன்ஃபுர்ட் முக்கால் மணி நேரத் தூரம்தான்; முன்பு ரயிலில் மூன்று மணி நேரம் சுற்ற வேண்டும். சுரங்கங்களை நான் குறை சொல்லவில்லை. தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய வரம்.

ஷ்லொஸ்பெர்க் குன்றின் மேல் மணிக்கூண்டு. அதன் பெரிய முள் மணியையும் சின்ன முள் நிமிடத்தையும் காட்டுகிறது. முதலில் மணி காட்டும் நீள முள் மட்டும் இருந்தது, நிமிட முள்ளைப் பிற்பாடு சேர்த்தபோது சின்னதாகப் போட்டார்கள். 1809-ல் நெப்போலியன் படை இந்தக் குன்றின் கோட்டையை இடித்தபோது, ஊர் மக்கள் பணம் கட்டி இந்தக் கூண்டையும் இன்னொரு மணிக்கோபுரத்தையும் மீட்டுக்கொண்டார்கள்.

மதியம் பெரிய அவரைக்கொட்டைச் சாலட் சாப்பிட்டோம். மேலே பூசணி விதை எண்ணெய் ஊற்றித் தந்தார்கள். தட்டில் கறுப்பாகத் தெரிகிறது, ரொட்டியால் வழித்தால் அடர்ந்த பச்சை. வறுத்த வாசனை. அம்மாவுக்கு ஒரு பாட்டில் வாங்கியாயிற்று.

நான்காம் நாள்: எல்லை தாண்டி மாரிபோர்

கிராட்ஸிலிருந்து லோக்கலில் லைப்னிட்ஸ் வழியாக ஸ்பீல்ஃபெல்ட். ஆஸ்திரியாவின் கடைசி நிலையம். இங்கே மின்கம்பியில் ஓடும் மின்சாரமே மாறுகிறது: ஆஸ்திரியாவில் 15,000 வோல்ட் ஏ.சி., ஸ்லோவேனியாவில் 3,000 வோல்ட் டி.சி. இரண்டிலும் ஓடக்கூடிய எஞ்சின் இருந்தால் தொடர்ந்து போகலாம், இல்லையென்றால் எஞ்சினை மாற்ற வேண்டும். நம் ஊரில் 25,000 வோல்ட் ஏ.சி.; மும்பைப் பக்கம் முன்பு டி.சி. இருந்ததையும் அங்கே எஞ்சின் மாற்றியதையும் அப்பா சொல்லிக்கொண்டு வந்தார்.

எல்லையில் எங்களை யாரும் நிறுத்தவில்லை. ஒற்றைப் பாதையில் ரயில் மெல்லப் போகிறது, இரு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள். 1918 வரை இது எல்லையே இல்லை. ஒரே பேரரசுக்குள் இருந்த ஒரே ரயில் பாதை.

மாரிபோரில், அப்போது இந்தப் பாதையை நடத்திய தெற்கு ரயில்வே நிறுவனம் 1860-களில் பெரிய பணிமனை அமைத்தது. கூடவே தொழிலாளர்களுக்கு வீடுகளும் கட்டியது. டிராவா ஆற்றுக்கு மறுகரையில் அந்தக் குடியிருப்பு இன்னமும் இருக்கிறது. வரிசையாக ஒரே அச்சில் கட்டிய வீடுகள், பின்னால் காய்கறித் தோட்டம். ஒரு தெருவில் அப்பா நின்று, "நம்ம காலனி மாதிரியே" என்றார். நான் பிறந்து வளர்ந்த ரயில்வே காலனியை நினைத்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆற்றங்கரையில் லெந்த் பகுதியில் ஒரு வீட்டின் முகப்பை ஒட்டித் திராட்சைக் கொடி படர்ந்திருக்கிறது. 400 வயதுக்கு மேல். உலகத்திலேயே இன்னும் காய்க்கிற மிகப் பழைய திராட்சைக் கொடி என்று கின்னஸ் பதிவு இருக்கிறது. அடித்தண்டு தடித்து முறுக்கி, பட்டை நார் நாராக உரிந்து நிற்கிறது. அதன் பழத்திலிருந்து எடுக்கும் ஒயினைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, நகரத்தின் பரிசாகக் கொடுக்கிறார்கள்.

ராத்திரி சாப்பாட்டில் ஒரு சந்தோஷம். பக்வீட் என்ற தானிய மாவில் கிண்டிய ஷ்கான்சி என்ற பண்டத்தை, உடைத்து உதிர்த்த களியாக, புளித்த பாலோடு கொண்டுவந்து வைத்தார்கள். வியன்னா வந்ததிலிருந்து எந்தச் சாப்பாட்டையும் பாதியில் வைத்த அப்பா இதை முழுதாகச் சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள்: சவின்யா, சாவா, லியுப்லியானா

மாரிபோரிலிருந்து செல்யே. இறங்கி ஒரு காபி, தூரத்திலிருந்து கோட்டை தரிசனம், அவ்வளவுதான். செல்யே பிரபுக்களின் மூன்று நட்சத்திரங்கள் இன்றைக்கு ஸ்லோவேனியாவின் கொடியில் இருக்கின்றன.

செல்யேவுக்குப் பிறகுதான் மறுபடி ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. சவின்யா ஆறு குறுகிய பள்ளத்தாக்கில் ஓட, ரயிலும் அதன் கரையைப் பிடித்துக்கொண்டு போகிறது. லாஷ்கோவில் பீர் ஆலையும் வெந்நீர் ஊற்றும். அப்புறம் சிடானி மோஸ்ட். ஊர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சவின்யா வந்து சாவா ஆற்றில் கலக்கும் மூலை. மலைகள் மூன்று பக்கமும் நெருக்க, நிலையத்துக்கு இடமே இல்லாமல் நடைமேடைகள் வளைந்து கிடக்கின்றன. 1862-ல் இங்கிருந்து ஸாக்ரெப் பக்கம் கிளைப்பாதை போட்ட பிறகு பெரிய சந்திப்பு. ஆற்றின் மேல் பழைய கல் பாலம் வளைவாகப் போகிறது. இங்கே ஒரு வண்டியை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம். வியன்னா பக்கம் ஒன்று, ஸாக்ரெப் பக்கம் ஒன்று என்று கூட்ஸ் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன.

அங்கிருந்து சாவா ஆற்றை எதிர்த்து மேலே. இது பழைய நிலக்கரிப் பகுதி. டிர்போவ்லியெவில் 360 மீட்டர் உயரப் புகைபோக்கி ஆற்றோரத்தில் நிற்கிறது. 1976-ல் கட்டியது, ஐரோப்பாவிலேயே உயரமானது. பள்ளத்தாக்கு குறுகல் என்பதால், புகை மலையைத் தாண்டிப் போக அவ்வளவு உயரம் வேண்டியிருந்தது. அனல்மின் நிலையம் இப்போது ஓடவில்லை. 2020-ல் பாறையேற்ற வீரர்களான யான்யா கார்ன்ப்ரெத்தும் டொமேன் ஷ்கோஃபித்ஸும் அந்தப் புகைபோக்கியின் வெளிப்புறமாக உச்சி வரை ஏறினார்கள். ரயில் ஜன்னலில் தலையைச் சாய்த்தாலும் அதன் நுனி தெரியவில்லை.

சாயங்காலம் லியுப்லியானா. சின்னத் தலைநகர். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் 1901-ல் கட்டிய டிராகன் பாலம்.

ஆறாம் நாள்: போரோவ்னித்ஸா

லியுப்லியானாவில் கோட்டை, மூன்று பாலங்கள், கட்டடக் கலைஞர் ப்ளெச்னிக் கட்டிய சந்தை எல்லாம் காலையில் சுற்றியாயிற்று. எல்லாமே நடந்தே பார்க்கிற தூரம். அப்பாவின் மனது ரயில் அருங்காட்சியகத்தில்தான் இருந்தது. பழைய வட்டக் கொட்டகைக்குள் நீராவி எஞ்சின்கள் முகத்தைக் காட்டி நிற்கின்றன. அங்கே வேலை பார்க்கும் முதியவருக்குத் தமிழும் ஆங்கிலமும் வராது, அப்பாவுக்கு ஸ்லோவேனியன் வராது. ஒரு எஞ்சினின் இணைப்புத் தண்டைத் தொட்டுக் காட்டி இருவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். நான் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் லோக்கல் வண்டியில் போரோவ்னித்ஸா. இங்கே 1856-ல் கட்டி முடித்த பாலம் ஒன்று இருந்தது. அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், 38 மீட்டர் உயரம், இரண்டு அடுக்கு. ட்ரியஸ்ட் துறைமுகத்துக்குப் போகும் பாதையில் சதுப்பு நிலத்தின் விளிம்பில் அதைக் கட்டியிருந்தார்கள். 1941-ல் பின்வாங்கிய யூகோஸ்லாவியப் படை அதன் ஒரு பகுதியைத் தகர்த்தது. இத்தாலியர்கள் ஒட்டுப்போட்டு ரயில் விட்டார்கள். 1944-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. போருக்குப் பின் பாதையைச் சுற்றி வளைத்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை இடித்துவிட்டார்கள். ஒரே ஒரு தூண் ஊருக்கு நடுவே வீடுகளுக்கிடையில் நிற்கிறது. செம்மரிங்கில் பார்த்த அதே வேலைப்பாடு, அதே செங்கல்லும் கல்லும். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் முட்டைக்கோஸ் அறுத்துக்கொண்டிருந்தார்.

இங்கிருந்து கடல் வரை இன்னும் பாதை மிச்சமிருக்கிறது; ட்ரியஸ்டுக்கு ரயில் போனது 1857-ல். என் விடுமுறை அதற்கு இடம் கொடுக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் போவதாகப் பேசி முடித்திருக்கிறோம்.